ரிஃபாத் வாத்தியார் போடாத கை பிரேக்

நைல் கரையில் உள்ள ஷுப்ராவில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை, கை பிரேக் போட்டு வண்டியை நிறுத்துகிறவனைவிடப் பெரிய பாவி கிடையாது. தெருவின் அகலம் மூன்று வண்டிக்குத்தான் சரியாக இருக்கும். அதில் நான்கு வரிசை நிற்கும். எப்படி என்று கேட்காதீர்கள், நிற்கும். உள்ளே மாட்டிக்கொண்டவன் வெளியே வர வேண்டுமானால் மற்ற வண்டிகளைத் தள்ளித்தான் வழி உண்டாக்க வேண்டும். ஆகவே வண்டியை நிறுத்துகிறவன் கியரை நியூட்ரலில் விட்டு, கை பிரேக்கை இறக்கிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவான். அப்புறம் தெருவின் வண்டிக் காவல்காரன் ஹனஃபி பாடு. இடுப்பால் ஒரு இடி இடித்தான் என்றால் இரண்டு வண்டி நகரும்.

போன வருடம் புதிதாகக் குடிவந்த பல் டாக்டர் ஒருவர், படித்த மனுஷர், கை பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு மதியத் தூக்கம் போட்டார். எழுந்து வந்து பார்த்தால் வண்டி பழக்கடை வாசலில் குறுக்காகக் கிடந்தது. எட்டு பேர் சேர்ந்து அலாக்காகத் தூக்கி வைத்திருந்தார்கள். தூக்கும்போது அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்திருந்தார்கள். அன்றிலிருந்து அவரும் திருந்திவிட்டார்.

இந்தத் தெருவில் இருபத்தேழு வருடமாக வண்டி நிறுத்துகிறவர் ரிஃபாத் வாத்தியார். அரசுப் பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊசல், அலை, அதிர்வு என்று அவர் வாயைத் திறந்தால் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் புரியும் என்று பெயர். அப்பேர்ப்பட்டவரின் வெள்ளைக் கார் இந்த வசந்தத்தில் திடீரென்று ஆட ஆரம்பித்தது. தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

"வாத்தியாரே, அந்த அதிர்வு பாடத்தை வண்டிக்கும் எடுத்துட்டீங்களா?" என்று இஸ்திரிக் கடைக்காரன் கேட்டான். அவரிடம் படித்து இரண்டு தடவை ஃபெயிலானவன் அவன்.

எழுபத்தொன்பது கிலோமீட்டர் வரைக்கும் வண்டி பரம சாதுவாக ஓடும். எண்பதைத் தொட்டதோ இல்லையோ, முதலில் ஸ்டீயரிங் நடுங்கும், அப்புறம் சீட் நடுங்கும், அப்புறம் உட்கார்ந்திருப்பவரின் தாடை நடுங்கும். மறுபடி எழுபத்தொன்பதுக்கு இறங்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி போகும். மருந்துக் கடைக்காரர் டயர் என்றார். இஸ்திரிக்காரன் இன்ஜின் ரப்பர் என்றான்.

"கண்ணு பட்டிருக்கு பாஷா. பச்சைக் கதவு வீட்டுக்காரி உங்க வண்டிய அன்னிக்கு ஒரு மாதிரி பாத்தா. நானே கவனிச்சேன்" என்றான் ஹனஃபி. வண்டி வைத்திருக்கிற எல்லாரும் அவனுக்கு பாஷாதான்.

இருபத்தேழு வருடப் பழைய வண்டியின் மேல் யாருக்குக் கண் படும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மெக்கானிக் பயூமியிடம் போனார். பயூமி சிகரெட்டைப் பற்றவைத்து, பானெட்டின் மேல் காதை வைத்துக் கேட்டு, பிறகு தானே ஓட்டிப் பார்த்தான். நைல் ஓரச் சாலையில் தொண்ணூறு போனான். வண்டி அசையவே இல்லை. வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது.

"வண்டி ஆடல வாத்தியாரே. உங்க கைதான் ஆடுது. வயசாச்சுல்ல."

"என் கை எண்பதுல மட்டும் எப்படிடா ஆடும்?"

"அதானே! எண்பதுன்னதும் உங்களுக்குப் பயம் வருது."

அப்படியும் விடாமல் சக்கரத்தை எல்லாம் கழற்றி மாட்டினான். ஆட்டம் எழுபத்தைந்துக்கு இறங்கியது. "பாத்தீங்களா, நகர ஆரம்பிச்சிருச்சு! நகருதுன்னா கிளம்பப் போகுதுன்னு அர்த்தம்" என்று குதித்தான். ரப்பர்களை மாற்றினான். ஆட்டம் பழையபடி எண்பதுக்கே போய் உட்கார்ந்துகொண்டது. பயூமிக்கு அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது, வாத்தியார்தான் கேட்க நிற்கவில்லை.

தெரு சிரித்தால் சிரிக்கட்டும். வாத்தியாரை அரித்தது வீட்டு விஷயம். மனைவி இன்சாஃப், ரமலானுக்குப் பிறகு அவரோடு அலெக்ஸாண்ட்ரியாவுக்கு மகள் வீட்டுக்குப் போனபோது, மடியில் அரிசிப் பாயசத் தட்டை வைத்திருந்தாள். பாலைவனச் சாலையில் லாரி ஒன்றை முந்துகிறேன் என்று வாத்தியார் எண்பதைத் தாண்டினார். பாதிப் பாயசம் இன்சாஃபின் கறுப்புக் கோட்டில். சம்பந்தியம்மாள் வாசலில் நின்று வரவேற்றபோது பாயசம் பூசிய கோலத்தில்தான் இன்சாஃப் இறங்கினாள்.

"இந்த ஜென்மத்துல இந்த வண்டியில நெடுந்தூரம் வர மாட்டேன். கடைக்கு வர்றேன், ஆஸ்பத்திரிக்கு வர்றேன். பாலைவன ரோட்டுக்கு மட்டும் வர மாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான். எங்கள் தெருவில் அவள் பேரம் பேசி முடித்த பிறகு காய்கறிக்காரனே வாய் திறக்க மாட்டான்.

இப்போது மகள் ஜிஹானுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஏழாம் நாள் விழா. முதல் பேரன்! வாத்தியார் இரண்டு நாளாகக் கெஞ்சினார்.

"எழுபத்தஞ்சுலயே போறேன் இன்சாஃப். சத்தியமா."

"போன தடவையும் இதே சத்தியம்தான். எழுபத்தஞ்சுல போனா பின்னாடி வர்ற லாரிக்காரன் சும்மா விடுவானா? ஹாரன் அடிச்சான்னா உங்களுக்கு ரோஷம் வந்துரும். ஷவ்கி வண்டியில போறோம். பேசி முடிச்சாச்சு."

ஷவ்கி இன்சாஃபின் தம்பி. குளியலறைச் சாமான் வியாபாரத்தில் செழித்து, ஊருக்கு மேற்கே ஷேக் ஸாயித்தில் மதில் போட்ட குடியிருப்பில் தனி வீடு கட்டிக்கொண்டவன். புதிதாகக் கறுப்புக் கார் வாங்கியிருந்தான். வாத்தியார் அவனுக்கும் ஒரு காலத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். அது அவனுக்கு மறந்துவிட்டது.

வாத்தியார் அந்தக் காட்சியை எண்ணிப் பார்த்தார். பேரனை முதன்முதலாகப் பார்க்கப் போகும்போது மச்சினன் வண்டியின் பின் சீட்டில், மடியில் பாயசத் தட்டோடு. சம்பந்தி வீட்டார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். முன் சீட்டில் அக்காவும் தம்பியும். பின்னாலிருந்து தாத்தா இறங்குவார், கடையிலிருந்து சாமான் கொண்டு வந்த ஆள் மாதிரி. இன்சாஃப் தன் பக்கத்தில் உட்கார்ந்து வரவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அது நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஷவ்கி வீடு வரைக்கும் தங்கள் வண்டியில் போவது, அங்கே விட்டுவிட்டு அவன் வண்டிக்கு மாறுவது என்று ஏற்பாடு. ஷவ்கியின் மனைவி இரண்டு நாள் முன்பே ஒத்தாசைக்கு அலெக்ஸாண்ட்ரியா போய்விட்டாள். விழாவில் குழந்தையின் காதருகே இடிக்க வெண்கல உரல், குழந்தையைக் கிடத்த ஒரு சல்லடை, குழந்தைத் துணிகள், பாயசத் தட்டு எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கிக்கொண்டு வாத்தியார் எழுபதிலேயே உருட்டிப்போனார்.

ஷவ்கி வாசலுக்கு ஓடிவந்தான். அக்காவை வரவேற்க அல்ல.

"மச்சான், மச்சான்! ரோட்டுல நிறுத்தாதீங்க! அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நினைப்பாங்க? உள்ள விடுங்க, இப்படி ஓரமா."

வீட்டுக்குக் கீழே கார் ஷெட். அதற்கு இறங்க ஒரு சரிவு. சரிவின் கடைசியில் பளபளவென்று ஒரு ஷட்டர். கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் தானாக மேலே சுருளுமாம், இத்தாலியிலிருந்து வந்ததாம். அதற்குப் பின்னால் கறுப்புக் கார். வாத்தியார் சரிவுக்கு மேலே இருந்த சமதளத்தில், ஷட்டரைப் பார்த்த மாதிரி வண்டியை நிறுத்தினார். இறங்கினார். இருபத்தேழு வருடம் எப்படி இறங்கினாரோ அப்படியேதான் இறங்கினார்.

ஷவ்கி டிக்கியைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனகல்.

"இந்த டிக்கியப் பாரு, துருப்பிடிச்சுக் கிடக்கு. அக்கா, இதுல எப்படித்தான் வர்றியோ! இதை யாருக்காவது தள்ளிவிடக் கூடாதா மச்சான்? சும்மா குடுத்தாலும் எவன் வாங்குவான்?"

சொல்லிக்கொண்டே டிக்கியை டமார் என்று அறைந்து சாத்தினான்.

வண்டி நகர்ந்தது.

ரொம்ப மரியாதையாக, சத்தமே இல்லாமல் நகர்ந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். முன் சக்கரம் சரிவில் இறங்கியது.

"இந்தா, அது போகுது" என்றாள் இன்சாஃப்.

வாத்தியார் ஓடினார். கதவுப் பிடியைப் பிடித்தார், அது கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. ஷவ்கி பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினான். ஷட்டர் முழங்கால் உயரம் ஏறியதும் வண்டி போய் மோதியது. இத்தாலிக்காரனின் தகடு உள்பக்கமாக மடங்கியது. ஒரு பக்கத்து இரும்புச் சட்டம் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளை வண்டிக்கு ஒரு விளக்கு உடைந்தது, பம்பர் கோணியது, வேறொன்றும் இல்லை. கறுப்புக் காருக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் வெளியே வர வழியும் இல்லை. ஷவ்கி பொத்தானை அழுத்த அழுத்த ஷட்டர் ஒரு முனகல் முனகியது, அப்புறம் அதையும் நிறுத்திக்கொண்டது.

ஷட்டர் கம்பெனிக்குப் போன் போட்டான். வெள்ளிக்கிழமை ஆள் கிடையாது, நாளைக்கு வருகிறோம் என்றார்கள்.

"வேணும்னே பண்ணிட்டாரு!" என்று ஷவ்கி கத்தினான். "அக்கா, பாரு! நியூட்ரல்! கை பிரேக் போடல! சரிவுல எந்தக் கழுதையாவது கை பிரேக் போடாம நிறுத்துமா?"

வேண்டுமென்றே செய்யவில்லை என்று வாத்தியாருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தால் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இன்சாஃப் ஷட்டரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கடைசியில் தம்பியைப் பார்த்தாள்.

"நீ எங்கடா பொறந்தே?"

"என்னக்கா இது இப்போ?"

"ஷுப்ராவுலதானே? நாம கை பிரேக் போட மாட்டோம்னு உனக்குத் தெரியாது? ரோட்டுல நிறுத்தப் போனவரை உள்ள விடச் சொன்னது யாரு? டமார்னு சாத்தினது யாரு?"

ஷவ்கி மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டான். "சரிக்கா, ஆனது ஆச்சு. போன்ல ஒரு வாடகைக் கார் வரச்சொல்றேன், நாம ரெண்டு பேரும் போயிருவோம். இவரு இங்கேயே இருந்து வீட்டைப் பாத்துக்கட்டும். ஷெட்டு தெறந்து கெடக்குல்ல. இவரு பண்ணினதுக்கு இவருதானே காவல் இருக்கணும்?"

வாத்தியாருக்கு அந்த நிமிஷம் சிரிப்பெல்லாம் ஓடிப்போயிற்று. பேரனைப் பார்க்காமல் உடைந்த ஷட்டருக்குக் காவலா? இன்சாஃப் எது சொன்னாலும் சொன்னதுதான் என்று நினைத்துப் பயந்தார்.

"அவரு குழந்தைக்குத் தாத்தாடா, உன் ஷட்டருக்குத் தாத்தா இல்ல" என்றாள் இன்சாஃப். "என்னங்க, வண்டியப் பின்னாடி எடுங்க. சாமானை ஏத்துங்க."

"எதுல?"

"நம்ம வண்டியிலதான். ஏன், ஓடாதா?"

ஓடியது. ஒற்றை விளக்கோடு, கோணல் பம்பரோடு ஓடியது. இன்சாஃப் முன்னால் ஏறிக்கொண்டாள். "ஏறுடா பின்னாடி" என்று தம்பிக்கு உத்தரவு போட்டாள். வியாபாரத்தில் எவ்வளவு பெரிய ஆளானால் என்ன, அக்கா அக்காதானே. ஷவ்கி ஏறினான். பாயசத் தட்டு அவன் மடிக்குப் போயிற்று.

பாலைவனச் சாலையில் வாத்தியார் எழுபத்தைந்தில் போனார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின. ஷவ்கி பின்னாலிருந்து ஓயவில்லை. கதவு கடகடக்கிறது என்றான், சீட்டுக் கம்பி குத்துகிறது என்றான், இத்தாலி ஷட்டரின் அருமை பெருமைகளை முதலிலிருந்து சொன்னான். இன்சாஃப் வாயே திறக்கவில்லை. அந்த மௌனம் நல்ல மௌனமா கெட்ட மௌனமா என்று வாத்தியாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தாலும் பக்கத்தில் இருந்தாள்.

பாதி வழியில் டீக்கடைகள் இருக்கும் இடத்தில் ஷவ்கி நிறுத்தச் சொன்னான். தட்டை சீட்டில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனான். வண்டிக்குள் இரண்டு பேர் மட்டும்.

இன்சாஃப் அவர் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஏதோ மினுமினுத்தது.

"உண்மையச் சொல்லுங்க. வேணும்னேதானே கை பிரேக் போடல?"

வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. "சத்தியமா இல்ல இன்சாஃப். கைப்பழக்கம். பேரன் மேல ஆணை."

இன்சாஃபின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது.

"அடச்சே! வேணும்னேதான்னு நெனச்சு எவ்வளவு சந்தோஷமா வந்துட்டிருந்தேன் தெரியுமா? முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவையாவது என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்க நீங்க ஒரு அக்கிரமம் பண்ணியிருக்கீங்கன்னு நெனச்சேன். கைப்பழக்கமாம்!"

வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் தப்பே செய்யாமல் வாழ்ந்ததற்கு அவருக்கு அன்றைக்குத்தான் வெட்கமாக இருந்தது. கண்ணாடியில் ஷவ்கி தெரிந்தான். கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, கையை உதறிக்கொண்டு, போனில் யாரிடமோ ஷட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே நிதானமாக நடந்து வந்தான்.

வாத்தியார் சாவியைத் திருப்பினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். கியரைப் போட்டார்.

வண்டி சாலையில் ஏறியபோது பின்னால் "மச்சான்! மச்சான்!" என்று குரல் கேட்டது. இன்சாஃப் தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஐயையோ, அவன் எப்படி வருவான்?"

"அவனுக்குத்தான் போன்ல கார் வரச்சொல்லத் தெரியுமே."

அவள் கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினாள்.

"ஓடி வர்றான் அவன். வேகமா போங்க!"

"எண்பதைத் தாண்டினா ஆடும் இன்சாஃப்."

"ஆடட்டும்" என்றாள்.