கண்ணாடிப் பெட்டியில் ஒரு கறுப்புப் பொட்டு

என் ஓரகத்தி பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தாள். முடித்த கையோடு, பார்க்க வாருங்கள் என்று எங்களைக் கூப்பிட்டாள். என் கணவரின் தம்பி மனைவி அவள். பாகான் டத்தோவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஈப்போவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சாலை தள்ளித்தான் அவர்கள் வீடு. என்னைப் போலவே அவளும் கல்யாண அட்டை, பிறந்தநாள் பேனர் என்று வீட்டிலிருந்தபடி வடிவமைப்பு வேலை செய்கிறாள். நான் இந்த வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். அவள் நான்கு வருடமாக. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சாப்பாட்டு மேசை நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று காற்றாடிகள் நீலமும் ஊதாவுமாக மாறி மாறி மின்னின. என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் செய்த எதையும் அவர் அப்படிச் சுற்றி வந்து பார்த்ததில்லை.

"நீயேவா மா செட் பண்ணுன?"

"வீடியோ பாத்துத்தான் அண்ணே. ரெண்டு நாளு ஆச்சு. மொத தடவ ஓனே ஆவல, அழுதுட்டேன் லா."

அழுததைக்கூட அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களோடு இருக்கும் எங்கள் மாமியார்கூட டிவியிலிருந்து திரும்பிச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ் மூலையில், குழந்தையின் கன்னத்தில் வைப்பது போல, கண்மையால் ஒரு கறுப்புப் பொட்டு. திருஷ்டிப் பொட்டு. அன்று அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் நாங்கள் இரண்டு பேர்தான். என் கணவரின் கண்ணுக்குப் பயந்து யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள். எனக்காகத்தான் வைத்திருக்கிறாள் என்று புரிந்தது.

எனக்கும் ஒரு புது கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. முன்பு நான் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பழசு, அம்மன் படத்தைத் திறக்கவே பெருமூச்சு விட்டது. ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அந்தப் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கோயில் மட்டும் இருக்கிறது. வருடா வருடம் திருவிழாவுக்கு, சிதறிப்போன தோட்டத்து சனம் எல்லாம் அங்கே கூடும். அந்தக் கோயிலின் வாசல் பேனரை இதுவரை நான்தான் செய்து வந்திருக்கிறேன். இருபதடி அகலம். என் பிழைப்புக்கு அதனால் ஒன்றும் பெரிதாக வராது. ஆனால் அந்த பேனருக்குக் கீழே நின்று, "நம்ம தோட்டத்துப் பொண்ணு செஞ்சது" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வாய் வார்த்தைக்காக நான் வருடம் பூராவும் காத்திருப்பேன்.

நான் தேடுவது தெரிந்ததும் ஓரகத்தியே வந்தாள்.

"அக்கா, ரெடிமேட் வாங்காதீங்க லா. நம்ம வேலைக்கு ரேம் நெறய வேணும், ஸ்கிரீன்ல கலர் ஒழுங்கா தெரியணும். லைட்டெல்லாம் சும்மா அழகுக்கு. நான் கூட வாரேன், போலாம். ஒரே நாள்ல செட் பண்ணிரலாம்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல். அவளோடு போய்ப் பூட்டினால், காலத்துக்கும் அது அவள் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஆகிவிடும். என் பேனரை யாராவது புகழ்ந்தால் என் கணவரே அவள் பேச்சை எடுப்பார். ஆகவே மறுநாள் தனியாகக் கடைக்குப் போய், ரெடிமேடாக ஒரு பெரிய கறுப்புப் பெட்டி வாங்கி வந்தேன். மூன்று வருட வாரண்டி. திருகாணிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடைக்காரர் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. அந்த ஸ்டிக்கரை அவளிடம் விரலால் தட்டிக் காட்டினேன். "எதுனாலும் ஆனா கடைக்காரன் பாத்துக்குவான். நமக்கு என்ன தலவலி?"

அவள் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா," என்றாள்.

அந்த "நல்லா இருக்கு" என்னைத் தூங்கவிடவில்லை. கண் வைத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். என் கண்ணுக்கு அவள் பொட்டு வைத்தால், அவள் கண்ணுக்கு நான் சும்மா இருப்பேனா? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் சாம்பிராணி போடுவது வழக்கம். அதைத் தினமும் ஆக்கினேன். சாயங்காலம் வேலை நடக்கும்போதே தூபக் கரண்டியைக் கொண்டுபோய், கம்ப்யூட்டரின் முகத்துக்கு நேராகப் பிடித்து மூன்று சுற்று சுற்றுவேன். புகை அப்படியே நேராக உள்ளே போகும். எவ்வளவு ஆசையாக வாங்கிக்கொள்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் கழித்து, திருவிழா பேனர் வேலையின் நடுவில், பெட்டி கொதித்து அணைந்தது. மறுபடி போட்டேன், ஐந்து நிமிடத்தில் அணைந்தது. அன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரச் சீனர் ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தார். காற்றாடி, அதன் முன்னால் இருந்த வலை, எல்லாவற்றிலும் பழுப்பாகப் பிசுபிசுவென்று அப்பியிருந்தது. வீட்டில் யார் இவ்வளவு சிகரெட் பிடிக்கிறார்கள் என்று மலாயில் கேட்டார். நான் என்ன சொல்வது? என் கணவர்தான் என்று சொல்லிவிட்டேன். புகையால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாதாம். சரிசெய்ய இரண்டு வாரம் ஆகும் என்றார்.

கோப்பு பென்டிரைவில் பத்திரமாக இருந்தது. திறக்கத்தான் வழியில்லை. கோயில் தலைவரை அழைத்து இந்த வருடம் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்ல இரண்டு முறை போனை எடுத்தேன். இரண்டு முறையும் கீழே வைத்தேன். அவளிடம் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை காலை அவள் கார் வாசலில் வந்து நின்றது. என் கணவர் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். முன் இருக்கையில் சீட் பெல்ட் போட்டபடி அந்தக் கண்ணாடிப் பெட்டி.

"நம்ம கோயில் பேனர் நிக்கக் கூடாது லா, அக்கா. முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

நம்ம கோயிலாம். பாகான் டத்தோக்காரிக்கு எப்போது அது நம்ம கோயில் ஆனது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே, வாசலில் நின்று வாங்கிக்கொண்டேன்.

என்ன ஓட்டம் அது! நான் சுட்டியைத் தொடுவதற்கு முன் அம்மன் வந்து நின்றாள். மாலையை நகர்த்தினால் மாலை நகர்ந்தது. ஒரு தடவையாவது இது ஹேங் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் பேனர் அதற்குள் இருக்கும்போதே அப்படி வேண்டிக்கொண்டேன். அது ஆகவில்லை. வியாழன் மதியமே வேலை முடிந்தது.

திருவிழாவில் பேனர் வழக்கம்போல் வாசலில் ஏறியது. அந்த வாய் வார்த்தையும் வந்தது. அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது ஓரகத்தி எதிரே நின்று பேனரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் துடைத்தேன். பொட்டு தெரியாமல் அழிந்தது என்று சொன்னால் பொய். ஈரத்துணியை மூலையில் வைத்து அழுத்தியே தேய்த்தேன். மேலே ஒரு பை ஆரஞ்சை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். "பொட்டு எங்க, அக்கா?"

"துடைக்கிறப்ப போயிருச்சு போல."

"பரவால்ல லா. அது அத்த வச்சது." மாமியார் குளித்துக்கொண்டிருந்தார், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒங்க கண்ணு பட்டுரும்னாங்க. கோவிச்சுக்காதீங்க. எங்கக்கா அப்படிப்பட்ட ஆளே இல்லன்னு நான் சண்டையே போட்டேன்."

காற்றாடிகள் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறின. நான் அவளுடைய கண்ணாடி அலமாரியிலிருந்து கண்மையை எடுத்தேன். அதே மூலையில், முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக, நானே ஒரு பொட்டு வைத்தேன்.

"அத்த சொன்னா கேட்டுக்க மா," என்றேன்.