ஐஸில் புதைத்த ஊசி மருந்து

நாகர்கோவிலில் நாங்கள் போய்வந்த மருத்துவமனையில், டாக்டர் அறைக்கு வெளியே நீளமான ஒரு வராந்தா உண்டு. பெயர் கூப்பிட்டதும் பெண்கள் எழுந்து உள்ளே போவார்கள். கூட வந்த ஆண்கள் பையையும் ஃபைலையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். எனக்குக் கதவை ஒட்டிய நாற்காலி. உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எனக்குத்தான் கூச்சம்.

அந்தக் கூச்சத்தால் நடந்ததை எழுதுகிறேன். இப்போது அப்படி ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு உதவலாம்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. குளச்சல் துறைமுகத்தில் மீன்பெட்டிகளுக்கு ஐஸ் போட்டுக் கட்டும் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. மனைவி ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. திருமணமாகிப் பன்னிரண்டு வருடமாகக் குழந்தை இல்லை. மாத்திரைகள், நாட்டுமருந்து, நேர்ச்சை எல்லாம் பார்த்தாயிற்று. இரண்டு முறை நாள் தள்ளிப்போய், இரண்டு முறையும் ஏழாவது வாரத்தில் கலைந்துவிட்டது.

கடைசியில் ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) செய்யலாம் என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையில் ஜெசிந்தாவின் முட்டை இருப்பு வயதுக்கு மிகக் குறைவாக இருந்தது. "இந்தத் தடவை கிடைச்சா நல்லது. அடுத்த வருசத்துக்கு முட்டை மிச்சம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றாராம். எனக்கு இதை ஜெசிந்தா வெளியே வந்து சொன்னாள். எல்லாமே அவள் வெளியே வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இந்தச் சிகிச்சைக்குச் சம்மதம் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். அதைப்பற்றி ஒரே ஒரு முறை பேசினோம். பிறகு பேசவில்லை.

சிகிச்சை ஊசியில் தொடங்கும். மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் வயிற்றில் ஒரு ஊசி. வழக்கமாக ஒரு மாதத்தில் ஒரு முட்டைதான் முழுதாக வளரும். இந்த மருந்து ஒன்றுக்கு மேற்பட்ட ஃபாலிக்கிள்களை (முட்டை வளரும் சிறு நீர்ப்பைகளை) ஒன்றாக வளர்க்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் லில்லி நர்ஸ் வேலை பார்க்கிறாள். விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னோம். மாலை ஏழு மணிக்கு வருவாள். முதல்நாள் ஊசி ஏறும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணா, ஊசி அக்காவுக்குத்தான். நீங்க கண்ணத் தொறங்க" என்றாள் லில்லி.

"அவிய மீனு வெட்டுனாலே கண்ண மூடுவாவ" என்றாள் ஜெசிந்தா. பொய். ஆனால் வயிற்றைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நாலாம் நாள் ஸ்கேனில் ஐந்து பைகள் வளர்வது தெரிந்தது. ஐந்தும் சிறியவை, ஆனால் வளர்கின்றன. பஸ்ஸில் அவள் விரல்களை விரித்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் பெருமழை. கம்பி அறுந்து எங்கள் பகுதி முழுவதும் மின்சாரம் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெசிந்தா அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். மீதி மருந்து எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது. திறந்து தொட்டுப் பார்த்தேன். குப்பிகளில் குளிர் குறைந்துவிட்டதாகத் தோன்றியது.

குளிர வைக்கும் வேலையில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். துறைமுகத்துக்குப் போய் ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் எடுத்துவந்தேன். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், பிளாஸ்டிக் பையில் கட்டிய மருந்து, மேலே இன்னொரு அடுக்கு. நெடுந்தூரம் போகிற மீனுக்கு ஐஸின்மேல் கல்லுப்பு தூவுவோம். உப்பு பட்டால் ஐஸின் குளிர் இன்னும் இறங்கும். நாலு கைப்பிடி தூவினேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். நல்ல காரியம் செய்த நிம்மதி எனக்கு.

சாயங்காலம் மின்சாரம் வந்தது. ஆறரை மணிக்குப் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தேன். மருந்துக்குள் ஊசி ஊசியாக ஐஸ். இன்னொன்றை எடுத்தேன். அது கல்லாக உறைந்திருந்தது.

உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கரைந்து பழையபடி தெளிந்த நீராகிவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் எல்லாம் ஆங்கிலம். உறைந்து உருகிய மீன் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வெளியே தோல் மினுங்கும், உள்ளே சதை குழைந்திருக்கும். ஆனால் இது மருந்து, மீனில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் திருப்பி வைத்தேன். லில்லி வந்தாள். ஊசி போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும். லில்லியிடம் கேட்டால் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுவாள் என்றும் தோன்றியது, 'எல்லாம் போச்சு' என்று சொல்லிவிடுவாள் என்றும் தோன்றியது. வேலையில் கை மரத்துப்போகும்வரை ஐஸுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

"ஓய், கையி வேணுமா வேண்டாமா?" என்று லோடு ஏற்றுகிறவர் கத்தினார்.

எட்டாம் நாள் ஸ்கேன். அன்றைக்கு ஜெசிந்தா உள்ளே போய் வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்தவள் உட்காரவில்லை.

"வளரல்ல. ரெண்டு பை சுருங்கிப்போச்சு. ரத்தத்தில ஹார்மோனும் எறங்கியிருக்காம். நிறுத்திரலாமான்னு யோசிக்காவ" என்றாள். பிறகு, "மருந்து சரியாத்தான் போட்டியளான்னு கேட்டாவ. ஆமான்னேன். எனக்க உடம்புதான் ஏத்துக்கிடல்ல. நல்ல மருந்தக் குடுத்தாலும் இது ஏத்துக்கிடாது" என்று வயிற்றில் ஒரு அடி அடித்தாள். ஊசி போட்ட இடம் நீலம் பாரித்திருந்த வயிறு அது.

நான் எழுந்தேன். ஃபைல் கீழே விழுந்தது. அதை எடுக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

சின்ன வயதிலிருந்து பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுவது) செய்து பழகியவன் நான். அங்கே நடுவில் ஒரு கம்பித்தட்டி இருக்கும், முகம் தெரியாது. இங்கே டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்தார். எனக்குப் பின்னாலேயே ஜெசிந்தாவும் வந்து நின்றாள்.

"மேடம், மருந்து உறைஞ்சுபோச்சு" என்றேன். "நான்தான். கரண்ட் இல்ல. ஐஸ்ல வச்சேன். உப்பும் போட்டேன்."

"உப்பா?"

"குளிரு நிக்கதுக்கு."

அவர் பேனாவை எடுத்தார். எத்தனை குப்பி, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மருந்து குளிர்ச்சியாக இருக்கவேண்டும், ஆனால் உறையக்கூடாது. உறைந்தால் அதன் சக்தி போய்விடும் என்று விளக்கினார். "முதல் நாளே நர்ஸ் இதச் சொல்லியிருப்பாங்களே?"

"எனக்கிட்ட சொன்னாவ" என்றாள் ஜெசிந்தா. "இவிய வெளிய இருந்தாவ."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நல்லவேளை இப்பமாவது வந்து சொன்னீங்க. இவங்க உடம்பு மருந்துக்குக் கேக்கலன்னு எழுதிட்டு நிறுத்தப் போனேன். இது மூணு நாளு மருந்தே போடாத மாதிரிதான். புது மருந்து தாறேன், மேலும் நாலஞ்சு நாள் பாக்கலாம். மூணு பை இன்னும் நிக்குது. ஆனா வாக்கு ஒண்ணும் தரமாட்டேன்."

பஸ்ஸில் ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரணியல் ஸ்டாப்பில் ஆட்கள் ஏறி இறங்கியதும் கேட்டாள்.

"எனக்க மருந்த என்ன, மீனுன்னு நெனச்சியளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பன்னெண்டு வருசமா எல்லாம் எனக்க உடம்பு மேலதான் வந்துது. டாக்டரு சொன்னாலும் அதுதான், ஊருக்காரிய சொன்னாலும் அதுதான். இண்ணைக்கு ஒரு நாளாவது உங்க மேல போடக் கெடச்சுதே" என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் எங்களையே பார்த்தாள். அன்றைக்கு எனக்குக் கூச்சம் வரவில்லை. அவள் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தேன். தட்டிவிடவும் இல்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

அதன்பிறகு மருந்துக்கு ஃபிரிட்ஜில் ஒரு சின்ன வெப்பமானி வைத்தேன். எண் படிக்க எனக்குத் தெரியும். இரண்டுக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. ஒரு நாளில் எத்தனையோ முறை திறந்து பார்த்தேன். "நீங்க தொறந்து தொறந்துதான் சூடாவுது" என்று அவள் விரட்டினாள். மூன்று நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

மூன்று பைகளும் வளர்ந்தன. முட்டையை எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு இரவில், கடைசியாக ஒரு ஊசி (முட்டையை முதிரவைப்பது). டாக்டர் சொன்ன நிமிடம் தவறக்கூடாது. தவறினால் பைகள் தாமாக வெடித்து முட்டைகள் வெளியேறிவிடும். லில்லி வந்து உட்கார, மூன்றுபேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் வந்ததும் "போடு போடு" என்று நான்தான் கத்தினேன்.

முட்டை எடுக்கும் நாளில் அவளைப் பச்சைத் துணி உடுத்தி அழைத்துப்போனார்கள். லேசான மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பின் வழியாக ஸ்கேன் கருவியோடு நீண்ட ஊசியைச் செலுத்தி, பையிலுள்ள நீரை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீரில் முட்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதே நேரத்தில் என்னிடம் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து ஒரு அறையைக் காட்டினார்கள். ஆண்கள் யாரும் வெளியில் பேசாத விஷயம். எனக்கு வெகுநேரம் பிடித்தது. வெளியே யாரோ நடக்கிற சத்தம் கேட்டாலே உடம்பு ஒடுங்கியது. அங்கே அவள் ஊசியின் கீழே கிடக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வெட்கம் பெரிதாகத் தெரியவில்லை.

மூன்று பைகளில் இரண்டு முட்டைகள் கிடைத்தன. அவள் கண் திறக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. "எத்தற?" என்று கேட்டாள். "ரெண்டு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டே, "உப்பு போட்டிராதீங்க" என்றாள்.

ஒரு முட்டை கருவாகவில்லை. மற்றொன்று கருவாகி ஐந்தாம் நாள்வரை வளர்ந்தது. அன்றைக்கே கருப்பையில் வைப்பார்கள் என்று நினைத்துப் போனோம். டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். நடுவில் மருந்து தவறியதால் கருப்பையின் உள்படலம் தேவையான அளவு தடிக்கவில்லை என்றார். "இப்ப வைச்சா ஒட்டாது. கரு இருக்கது ஒண்ணே ஒண்ணு. இத உறையவைச்சு எடுத்து வைப்போம். ரெண்டு மூணு மாசம் போகட்டும்."

உறையவைப்பது. குப்பிக்குள் பார்த்த ஐஸ் ஊசிகள் கண்முன் வந்தன.

"மேடம், ஐஸ் ஊசி விழுந்தா கிழிச்சிராதா?" என்று கேட்டேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

அவர் ஆய்வகத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: முதலில் கருவிலுள்ள தண்ணீரைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பிறகு கண்ணிமைக்கிற நேரத்தில் கடுங்குளிரில் இறக்குவார்கள். மெதுவாகக் குளிர்ந்தால்தான் ஐஸ் ஊசி உண்டாகும். இதில் அதற்கு நேரமே கிடைக்காது. கண்ணாடிபோல நின்றுவிடும்.

எனக்குப் புரிந்தது. என் தொழில் எனக்கு அங்கே உதவியது. ஜெசிந்தாவுக்கு நான் அதைப் பஸ்ஸில் மறுபடியும் விளக்கினேன். முதல் தடவையாக, உள்ளே நடந்ததை நான் அவளுக்குச் சொன்னேன்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த மாதம் கருவை உள்ளே வைக்க நாள் குறித்திருக்கிறார்கள். உருகவைக்கும்போது பத்தில் ஒன்றோ இரண்டோ பிழைக்காமல் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் பத்து இல்லை. பிழைத்தாலும் ஒட்டவேண்டும். ஒட்டினாலும் ஏழாவது வாரத்தைத் தாண்டவேண்டும். முடிவு தெரிந்தபிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் இருப்பதும் முடிவு தெரியாத இடத்தில்தான்.

இப்போது ஊசி எதுவும் இல்லை. ஆனாலும் மாலை ஏழு மணிக்கு என் வயிறு தானாக இறுகுகிறது. அவளுக்குப் போட்ட இடத்திலேயே எனக்கு ஒரு வலி வந்து போகிறது. லில்லி கேட்டால் சிரிப்பாள். நேரம் பார்ப்பதும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பெட்டியில் ஐஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து மணி சொல்வேன். ஐஸ் கரையக் கரைய நேரம் போகும். நாகர்கோவிலில் ஒரு தொட்டிக்குள் எங்கள் கரு கரையாமல் நிற்கிறது. எனக்கும் அவளுக்கும் மூன்று மாதம் கூடிவிட்டது. அதற்கு இன்றைக்கும் வயது ஐந்து நாள்தான்.

நேற்று ஜெசிந்தா கேட்டாள்: "அதுக்கு அங்க குளிருமா?"

"குளிராது. அதுக்கு நேரமே ஆவல்ல" என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். காலையெல்லாம் ஐஸ் அள்ளிய கை. "குளிருது" என்றாள். ஆனால் எடுக்க விடவில்லை. சூடாகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.