மலர்க்கொடி குடித்த வெள்ளைத் தூள்

மலர்க்கொடிக்கு முப்பத்து நான்கு வயது. செங் என்ற ஊரில் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில், ஓவர்டைமும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை. அது முடிந்து மெர்லிமாவிலிருந்த வீட்டுக்குத் திரும்பியதும் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் பத்து கிலோமீட்டர் ஓடுவாள். மாநில நெடுந்தூர ஓட்டத்தில் இரண்டு முறை நான்காவதாக வந்தவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அவள் கால்கள் ஓய்ந்துபோயின. எழுந்து நிற்கும்போதே வலித்தன. தெங்கேராவில் ஜிம் நடத்திய கோகுலராஜ் ஒரு டப்பாவை நீட்டினான்.

"கிரியேட்டின்க்கா, தசைக்குத் தெம்பு குடுக்கிற தூளு. எங்க பசங்க எல்லாம் இதத்தான் குடிக்கிறாங்க. களைப்பே தெரியாதுலா."

மூன்று வாரம் தவறாமல் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். உடம்பில் இரண்டு கிலோ கூடியது. அந்த ஆண்டின் மாநிலப் போட்டியன்று ஏழாவது கிலோமீட்டரிலேயே தொடைகள் கனத்துப்போக, பதினோராவதாக வந்து சேர்ந்தாள்.

மறுநாள் டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோனாள். "எனக்கு ஒத்துக்கல தம்பி. ஒடம்பு பாரமாயிருச்சு."

கோகுலராஜ் தலையைச் சொறிந்தான். "தப்பு என்னுதுக்கா. இது ஒடம்புல தண்ணியப் புடிச்சு வைக்கும். வெயிட் தூக்குறவனுக்குச் சரி, தூரம் ஓடுற உங்களுக்குப் பாரம்தான். ஆமா, எத்தன மணி நேரம் தூங்குறீங்க?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "நாலு. சில நாளு நாலரை."

"அப்புறம் எந்தத் தூளு உங்களத் தூக்கி நிறுத்தும்க்கா?"

அந்த வாரமே, செவ்வாயும் வியாழனும் ஓவர்டைம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்தாள். முதல் செவ்வாய்க்கிழமை ஓடுவதற்குக் காலில் மாட்டும் சப்பாத்தைக்கூட எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் படுத்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.