கடல் பின்வாங்கிய இருபது நாட்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அப்பால் கரையோரமாக இருந்த தெருவைக் கடல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. பூமி சூடாகிறது, கடல் இன்னும் உயரும் என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து, தினமும் காலை ஆறேகாலுக்கு வாசற்படியிலிருந்து ஈர மணல் வரை நடந்து, அடிகளை எண்ணி டைரியில் குறித்தேன். நூறு அடிக்குக் குறைந்தால் வீட்டை விற்றுவிட்டுப் பெரம்பூருக்குப் போவது என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். மனைவிக்குத் துளியும் சம்மதமில்லை.

ஜனவரியில் நூற்று நாற்பத்திரண்டு. மே மாதம் நூற்று ஆறு. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அலுவலக நண்பர் ஒருவர் நடைத் தியானம் சொல்லிக்கொடுத்தார். குதிகால், பாதம், விரல் என்று மெதுவாகப் பதிக்க வேண்டும், மூச்சைக் கவனிக்க வேண்டும். மணலி ஆலைகளின் பக்கமிருந்து புகைக் காற்று வீசும் நாளில் மூச்சை அதிகம் கவனிக்க வேண்டாம் என்றும் சொன்னார். நேரம் மிச்சமாகட்டும் என்று, கடலை அளக்கும் நடையிலேயே தியானத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

முதல் வாரமே நூற்று இருபது. இருபதாம் நாள் நூற்று எண்பத்தெட்டு! குறட்டை விட்டுத் தூங்கினேன். தெருமுனையில் மீன் விற்கும் அம்மாவிடம், கடல் திரும்பிப் போகிறது என்று அறிவித்தேன்.

"இன்னா நைனா, கடலு எங்க போவுது? நீதான் கண்ணாலப் பொண்ணு கணக்கா நடந்துகினு கீற. முன்ன நாய் தொரத்துனா மாரி தாண்டித் தாண்டி ஓடுவ."

டைரியைத் திறந்து பார்த்தேன். பயந்தபோது எட்டி வைத்தேன், எண்ணிக்கை குறைந்தது. அமைதியானபோது குட்டி அடி வைத்தேன், கூடியது. ஐந்து மாதமாக நான் அளந்தது கடலை அல்ல.

"அப்ப வீட்டை விக்கிறது?" என்றாள் மனைவி.

"சரியான அளவு இல்லாமல் எப்படி விற்பது?"

"நல்லதாப் போச்சு. நிலம் அளக்கிற நீள டேப் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

வாசலில் ஒரு முனையை அவள் பிடித்தாள். மறுமுனையோடு மீன்கார அம்மா ஈர மணலில் நின்றார். கடல் வரத்தான் செய்யும். எவ்வளவு என்று இனி மாதம் ஒருமுறை தெரிந்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

அங்கிருந்து குரல் வந்தது: "நைனா, அல வந்தா நான் பின்னால வந்துடுவேன், பொடவ நனையும். அதையும் எழுதிக்கோ!"

எழுதிக்கொண்டேன்.