விடுபட்ட முதற்சீர்

கொல்லிமலையில், செம்மேட்டுப் பேருந்து நிலையத்தருகே கணினித் தட்டச்சுக் கடை நடத்தும் கோகிலவாணிக்கு நாற்பத்து மூன்று வயது. அஞ்சல்வழியில் தமிழ் படித்தவள். மனுக்களின் ஒற்றுப்பிழைகளைக் கேளாமலே திருத்துவாள். "வாணியக்கா கைக்குப் போன தாளு செவப்பு மையில்லாம திரும்பாதுங்க" என்று சந்தையில் கேலி உண்டு. மணமாகாதவள்; திருமணம் என்ற எண்ணத்தையே தன் வாழ்வின் இறந்தகாலத்தில் என்றோ சேர்த்துவிட்டாள்.

மூடுபனி கடைக்குள்ளேயே வந்து நின்ற ஒரு சந்தை நாளில், வாழவந்தி நாட்டு மிளகு விவசாயி சென்றாயன் ஒரு தாளை நீட்டினார். மனைவியை இழந்து ஆறாண்டுகள் ஆனவர். வாரந்தோறும் ஏதேனும் ஒரு விண்ணப்பத்தோடு வருபவர்.

"மொதச் சொல்லு மட்டும் விட்டிருக்கேனுங்க. நீங்களே போட்டுக்கோங்க."

―― பேசினால் கொல்லியே கேக்குது
போகிற பாதையில் பூமணம் வாருது
வேகிற சாமையில் வெல்லமே ஊறுது
நோகிற காலுமே நொந்திடா தாடுது

பிழை தேடிச் சிவப்புப் பேனாவை எடுத்தவள், எடுத்தபடியே இருந்தாள். கூவிளம், கூவிளம், கூவிளம். சீர்கள் ஒரே நடையில், பனிக்குள் யாரோ படியேறி வருவதுபோல் வந்தன.

"யாப்பு படிச்சீங்களா?"

"அது என்னங்க? மொளகு பறிக்கையில பாடிப் பாத்தேனுங்க. எடறுன சொல்ல எடுத்துப்போட்டேன்."

போகிற, வேகிற, நோகிற: திரும்பத் திரும்ப நிகழ்காலம். நடந்ததும் இல்லை, நடக்கப்போவதும் இல்லை, இப்போது நடப்பது. எதுகைப்படி, விடுபட்ட சொல்லின் இரண்டாம் எழுத்து 'கி', முதலெழுத்து நெடில். 'கொல்லியே' என்பதற்கு மோனையாகக் 'கோ' வரவேண்டும். கோகிலம் என்று போட்டால் குயில். கோகிலா என்று போட்டால்? அப்படி அவளை இதுவரை எவரும் அழைத்ததில்லை. குயிலை எண்ணி எழுதியதைத் தன் பெயராகக் கொண்டுவிட்டால், அடுத்த வாரம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

பனி மேசைமேல் படர்ந்தது. அவள் இரண்டாம் சீரின்மேல் விரலை வைத்தாள்.

"இங்கே 'கூவினால்' என்று போட்டிருக்கலாமே. ஓசை இன்னும் நல்லா வருமே."

சென்றாயன் தரையைப் பார்த்தார். "பாட்டுல வரது குயிலு இல்லீங்களே. அவங்க பேசறவங்க. தப்பாப் பேசினா திருத்தவும் திருத்துவாங்க."

கோகிலவாணி நிமிராமலே மூன்றெழுத்தைத் தட்டினாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"எழுத்து சரியா இருக்கான்னு பாருங்க."

அவர் அந்த முதற்சீரை மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சரியா இருக்குங்க."