மத்தியான மாத்திரை

தொடையில வந்த புத்துநோய்க் கட்டிக்கு ஆஸ்பத்திரியில கரண்டு, அதான் ரேடியேஷன், வெச்சு முடிச்சபிறகு ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தேன். தாராவியில எங்க வீடும் பட்டறையும் ஒண்ணுதான். முன்னால தோல் பை தைக்கிற மெஷினு, தட்டிக்குப் பின்னால அடுப்பு. ஒரு நாள் தரையில உக்காந்து மீன் கழுவிட்டு எந்திரிச்சேன். சுள்ளி முறியிற மாதிரி ஒரு சத்தம். வழுக்கல, விழல, ஒண்ணும் இல்ல. தொடை எலும்பு ரெண்டாப் போச்சு.

உள்ள கம்பி வெச்சாங்க. மாசம் ஓடிச்சே தவிர எலும்பு சேரல. எக்ஸ்ரேயில நடுவுல ஒரு கறுப்புக் கோடு அப்படியே நின்னுச்சு. டாக்டரம்மா இந்தியில பொறுமையாச் சொன்னாங்க. கரண்டு கட்டியைக் கொல்லும்போது, எலும்புக்கு ரத்தம் கொண்டுபோற சின்னக் குழாயையும் கருக்கிப்போடுமாம். அதுல ரத்தம் ஓட ஒரு மாத்திரை, கூட வைட்டமின் ஈ. மூணு வேளையும் சாப்பிட்டுட்டுப் போடணும். "கேரண்டி கிடையாது. சேரலைன்னா அந்த எலும்பை எடுத்துட்டு இரும்பு வெக்கணும், அப்புறம் தரையில உக்கார முடியாது"ன்னாங்க. எனக்குப் பகீர்னுச்சு. சமையல், தோல் ஒட்டுறது, தொழுகை, எங்க வீட்டுல எல்லாமே தரையிலதானே.

அதுக்குள்ள ரமலான் வந்துச்சு. நோயாளிக்கு நோன்பு கடமை இல்லன்னு பள்ளிவாசல் அஜரத்தும் சொல்லிட்டாரு. ஆனா பட்டறையில வேலை செய்யிற அத்தனை பேரும் பட்டினி கிடக்க, தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சோறு திங்கவா? உக்காந்து அழுதேன். என் வீட்டுக்காரருக்கு நான் அழுதாப் பொறுக்காது. மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது அவருதான். யாரையும் கேக்காம மூணு வேளையை ரெண்டாக்கிட்டாரு. விடியுமுன்ன சஹர் சாப்பாட்டோட ரெண்டு, சாயங்காலம் நோன்பு திறந்ததும் ஒண்ணு. "மாத்திரை ஒண்ணும் குறையலையே, நீ நோன்பு வையி"ன்னாரு. பெரிய விஞ்ஞானி! நானும் சந்தோஷமா நோன்பு வெச்சேன்.

கொஞ்ச நாள்லயே குமட்டல், தலைசுத்தல். வாக்கரைப் புடிச்சு எந்திரிச்சவ அப்படியே மெஷின் மேல சாய்ஞ்சு விழுந்தேன். தொடையில உயிர் போற வலி. "போச்சு, என் காலு போச்சு"ன்னு கத்தினேன். ஆட்டோவுல அவரு என் காலைத் தன் மடியில தாங்கிக்கிட்டு வந்தாரு.

நல்லவேளை, கம்பி அசையல. டாக்டரம்மா அவரைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. "ரெண்டைச் சேத்துப் போட்டுட்டு நாள் பூரா தண்ணியும் குடிக்காம இருந்தா பிரஷர் இறங்காம என்ன செய்யும்? மத்தியான மாத்திரைன்னா மத்தியானம், சோறு தின்னுட்டு!"

மறுநாள்ல இருந்து மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் எல்லாரையும் தொழ அனுப்பிட்டு ஷட்டரை இறக்கிடுவாரு. தானே சோத்தைச் சூடு பண்ணி, மீன் குழம்பு ஊத்தி, பக்கத்துல உக்காருவாரு. "நோன்போட இந்த வாசத்தைப் புடிச்சுக்கிட்டு ஏன் உக்காந்திருக்கீங்க? போங்களேன்"னு எரிஞ்சு விழுவேன். "மாத்திரை உள்ள போறதைப் பாத்துட்டுப் போறேன்"ம்பாரு. குனிஞ்ச தலை நிமிராம திம்பேன். வெக்கமா இருக்கும். அவரு மேல பாசமாவும் இருக்கும், சொல்லத்தான் மாட்டேன்.

பெருநாள் போச்சு, மழையும் போச்சு. கறுப்புக் கோட்டு மேல பாலாடை மாதிரி வெள்ளை படர ஆரம்பிச்சுது. ஒரு நாள் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல புடிச்சு, "ஜுட் கயா"ன்னு சிரிச்சாங்க. எலும்பு சேர்ந்துடுச்சு! மாத்திரையாலயா, நாள் ஆனதாலயான்னு அவங்களும் அடிச்சுச் சொல்லல. மாத்திரையை நிறுத்திட்டாங்க. வீட்டுக்கு வந்து பயந்து பயந்து தரையில உக்காந்து எந்திரிச்சேன். ஒரு சத்தமும் இல்ல.

உடம்பு தேறினதும் விட்டுப்போன நோன்பை வெக்க ஆரம்பிச்சேன். ரமலான்தான் முடிஞ்சுபோச்சே, பட்டறையில எல்லாரும் டீ குடிச்சு அரட்டை அடிச்சுக்கிட்டிருக்காங்க. மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக் கொண்டுபோய் வெச்சேன். தட்டைத் தள்ளி வெச்சாரு.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நானும் நோன்பு."

"உங்களுக்குத்தான் ஒரு நோன்பும் விட்டுப்போகலையே?"

"அன்னைக்கு நீ தனியாச் சாப்பிட்ட. இப்பத் தனியாப் பட்டினி கிடக்க வேண்டாம்"னாரு.

புத்தி கெட்ட மனுசன்னு ஏசிட்டு, தட்டை மூடி வெச்சு, தட்டிக்குப் பின்னால போய்த் தரையில உக்காந்து அழுதேன்.