ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு

வெர்லீன் அம்மாவை நான் முதலில் பார்த்தது, பிலடெல்பியாவில் எங்கள் பேட்டை ஆஸ்பத்திரியை மூடுவதற்கு முன் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான எனக்கு, ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர் பொட்டு கொடுக்கும் உத்தியோகம். ஆஸ்பத்திரிக்குப் பதிலாக எது வேண்டுமோ, சுவரில் அந்த அட்டையில் ஒட்ட வேண்டும். தியானம், சமையல் வகுப்பு, தோட்டம் என மூன்று அட்டைகள் இருந்தன.

வெர்லீன் அம்மாவின் கணவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை மாரடைப்பு வந்திருந்தது.

"ராசா, நெஞ்சு வலிச்சா எதுல ஒட்டணும்? தோட்டத்துலயா?" என்று என்னிடம் கேட்டார்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி விட்காம் அம்மையார் குறுக்கிட்டார். "அவசர சிகிச்சை பட்டியல்ல இல்லைங்க. பன்னண்டு மைல்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கே."

"சரி அம்மணி. அதுவரைக்கும் எங்க வீட்டுக்காரரத் தியானம் பண்ணிக்கிட்டே வரச் சொல்றேன்."

அங்கே கிடந்த பீட்சாப் பெட்டியின் மூடியைக் கிழித்து, 'அவசர சிகிச்சை' என்று எழுதிச் சுவரில் மாட்டினார். வந்த ஜனம் முழுவதும் அதில்தான் ஒட்டியது. நானே எண்ணினேன், இருநூற்றுப் பதின்மூன்று. தியானத்துக்கு விழுந்த நான்கும் ஊழியர்கள் ஒட்டியவை.

அந்தப் பீட்சா மூடி, அங்கீகரிக்கப்பட்ட அட்டை அல்ல என்று குப்பைக்குப் போனது. 'மக்கள் பெருவாரியாகத் தியானத்தையே விரும்பினர்' என்று அறிக்கை வந்தது. தட்டச்சு செய்தவன் நான்தான்.

மூன்றாவது மாரடைப்பில், ஒன்பதாவது மைலில், கணவர் காரிலேயே இறந்துபோனார்.

வெர்லீன் அம்மாவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. தெருவிலுள்ள எட்டுக் கார்களுக்கு முறை வைத்து, நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.